மாடித்தோட்டத்தில் கேரட்: எந்த ரக விதையை வாங்குவது?

விதைப் பாக்கெட்டின் அட்டைப் படத்தை நம்பி கேரட் ரகம் வாங்காதீர்கள். பார்க்க வேண்டியவை இரண்டுதான்: உங்கள் ஊரில் எவ்வளவு குளிர் விழும், நீங்கள் செடி வளர்க்கும் பை எவ்வளவு ஆழம்.

படி 1: ஊருக்கு ஏற்ற ரகம்

கேரட் நன்றாகப் பருத்து நிறம் ஏற 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இது இயல்பு. அங்கே நான்டிஸ், ஊட்டி 1 என எதைப் போட்டாலும் வரும். சென்னையிலோ மதுரையிலோ மார்கழிப் பகலில்கூட அந்தக் குளிர் கிடையாது. சமவெளியில் நான்டிஸ் போட்டால் பெரும்பாலும் இலை செழித்து நிற்கும், கிழங்கு பென்சில் தடிமனைத் தாண்டாது.

சமவெளிக்காரர்கள் முதல் முறை நியூ குரோடாவே போடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த குரோடா வகை. வெப்பத்தை ஓரளவு தாங்கும். அல்வாவுக்குச் சிவப்பு கேரட்தான் வேண்டும் என்றால் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ருதிரா இருக்கிறது. ஆனால் அது வட இந்தியக் குளிர்காலத்துக்கான நீளக் கிழங்கு. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

படி 2: பையின் ஆழம்

குரோடாவின் கிழங்கு 15 முதல் 18 செ.மீ. போகும். பையில் 30 செ.மீ. ஆழத்துக்கு மண் கலவை இருக்கட்டும். 20 செ.மீ. தொட்டிதான் இருக்கிறதா? குட்டையாகப் பருக்கும் சாண்டனே அல்லது உருண்டையான பாரிஸ் மார்க்கெட் தேடுங்கள். இரண்டும் ஆழம் குறைவாகக் கேட்கும், ஆனால் குளிர் கேட்கும். ஓசூர் மாதிரி ஊர்களுக்குப் பொருந்தும். இம்பெரேட்டர் போன்ற நீள ரகங்களை மாடிக்கு யோசிக்கவே வேண்டாம்.

படி 3: பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத் திறன் மூன்றும் இருக்க வேண்டும். கேரட்டுக்கு 60 சதவீதம் என்று போட்டிருந்தாலும் தாராளமாக வாங்கலாம். தக்காளி விதை அளவுக்கு இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கிராமில் ஏறக்குறைய 800 விதைகள் இருக்கும். நான்கைந்து பைகளுக்கு 2 கிராம் மிச்சமாகவே இருக்கும்.

வாங்கியதும் 20 விதைகளை ஈரத் துணியில் மடித்து, ஒரு டப்பாவில் வையுங்கள். 12 நாளில் பத்துக்கும் குறைவாக முளைத்தால் அந்தப் பாக்கெட் பழசு.

படி 4: விதைப்பு

செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு சம அளவில். செம்மண்ணைச் சலித்துவிடுங்கள். ஐப்பசிக் கடைசி முதல் கார்த்திகை வரை விதைக்கலாம். அது மழைக்காலம், ஒரு பெருமழை போதும், விதையெல்லாம் பையின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். முளைக்கும் வரை பையைக் கூரையடியில் வையுங்கள்.

அரை செ.மீ. ஆழத்தில் கோடு கிழித்துத் தூவி, மூடி, பூவாளியால் நனைத்து, ஈரச் சாக்கு போடுங்கள். முளைக்க 7 முதல் 15 நாள் ஆகும். இடையில் ஒரே ஒரு நாள் மேல்மண் காய்ந்தாலும் முளைவிட்டது கருகும். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட்டு வெயிலுக்கு மாற்றுங்கள்.

முதல் இரண்டு இலைகள் புல் மாதிரியே இருக்கும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். அடுத்து வரும் இலைதான் கொத்தமல்லிச் சாயலில் பிரியும்.

படி 5: கலைத்தல்

நான்காவது வாரத்தில் செடிக்குச் செடி 5 செ.மீ. விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். மனம் வராமல் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் ஒன்றும் பருக்காது. நாற்றாகப் பிடுங்கி வேறு பையில் நடவும் கூடாது. ஆணிவேர் ஒடிந்து கிழங்கு கோணலாகும்.

கிழங்கு இரண்டு மூன்றாகப் பிரிந்தால் மண்ணில் கல் இருந்திருக்கும், அல்லது தொழுவுரம் மட்காதது. வெடித்தால், காயவிட்டு மொத்தமாகத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். கிழங்கின் தோள், அதாவது மேல்முனை, பச்சையானால் வெயில் பட்டிருக்கிறது, மண் அணையுங்கள். இவை எதுவும் ரகத்தின் குற்றம் அல்ல.

90ஆம் நாளை ஒட்டி, தோள்மண்ணை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். 3 செ.மீ. பருமன் வந்திருந்தால் பிடுங்கலாம்.

நான்டிஸ் வகையில் விதை எடுக்க, சமவெளியில் காத்திருந்து பயனில்லை. பல வாரக் கடுங்குளிர் பட்டால்தான் அது பூக்கும். மீதமான விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த ஐப்பசிக்கும் ஆகும். ஈரத்துணிச் சோதனையை மட்டும் மறுபடி செய்துகொள்ளுங்கள்.