பழைய பிரவுசர் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்

போன வாரம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியின் புரோகிராம் கோடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபைலின் முதல் வரிகளிலேயே ஒரு தடை: குறிப்பிட்ட வெர்ஷனுக்குக் கீழே இருந்தால் "உங்கள் பிரவுசரில் இந்தத் தளம் இயங்காது" என்ற வெள்ளைப் பக்கம். நான் 2024-இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதே வரிகள்தான். அதனால்தான் இப்படித் தடுப்பதில் நடக்கும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். எழுத்துப்பிழை, உடைந்த லிங்க் மாதிரியானவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரைப் பார்த்து ஆளை முடிவு செய்வது

பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியை அப்படியே நம்பக் கூடாது. குரோம் அனுப்பும் வரியில் மொசில்லா, கெக்கோ, சஃபாரி மூன்று பெயரும் இருக்கும். தெரியாத பெயர் என்றால் தளங்கள் கதவைச் சாத்தியதால், ஒவ்வொரு பிரவுசரும் முந்தியதன் பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே வரப் பழகியது. விவால்டி என்ற பிரவுசர் 2019 கடைசியில் பெரும்பாலான தளங்களிடம் தன் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டு குரோம் என்றே அறிமுகமாகத் தொடங்கியது.

எண்ணைத் தப்பாகப் படிப்பது

2009-இல் ஓப்பரா பிரவுசரின் வெர்ஷன் 10 வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை ஓப்பரா 1 என்று எடுத்துக்கொண்டன. கடைசியில் ஓப்பராவே இறங்கிவந்து வரியின் தொடக்கத்தில் 9.80 என்று போட்டது. ஃபயர்ஃபாக்ஸுக்கும் இது நடந்தது. 110 முதல் 119 வரையிலான வெர்ஷன்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 என்று சில தளங்கள் நினைத்துவிடும் என்பதால், அந்த வரியின் ஓர் எண்ணை 109-லேயே நிறுத்தி வைத்தார்கள். எண்களை எழுத்துகளாக ஒப்பிட்டால் 100 என்பது 90-ஐ விடச் சின்னதாகிவிடும். தம்பியின் கோடில் அதுவும் இருந்தது.

ஒரு மூலை கோணலாகத் தெரிகிறதென்று முழுத் தளத்தையும் பூட்டுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை நான் செய்தேன். பெயர், முகவரி, மதிப்பெண், ஒரு போட்டோ, அவ்வளவுதான். பொத்தான்களின் நிறத்துக்கு, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் இரண்டு நிறங்களைக் கலக்கும் புது வசதியைப் பயன்படுத்தியிருந்தேன். குரோமில் அது 111-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய குரோமில் பொத்தானுக்குப் பின்னணி நிறமே வரவில்லை, வெள்ளை எழுத்து வெள்ளையிலேயே கரைந்துபோனது. நேரமில்லை என்று 111-க்குக் கீழே எல்லோரையும் தடுத்துவிட்டேன்.

கடைசி நாள் மதியம் ஒரு பிரவுசிங் சென்டர்காரர் போன் செய்தார். "சார், அப்டேட் பண்ணச் சொல்லுது, பண்ணினா வரமாட்டேங்குது. காலையிலேர்ந்து புள்ளைங்க வந்து வந்து போகுதுங்க." அவரிடம் இருந்ததெல்லாம் விண்டோஸ் 7 கணினிகள். அதில் ஓடும் கடைசி குரோம் 109. அதற்கு மேல் அந்தக் கணினிக்குக் குரோமே கிடையாது. பத்து நிமிடத்தில் தடையை எடுத்தேன். ஆனால் பஸ் ஏறி வந்த பிள்ளைகள் சிலர் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வேறு எங்காவது போய் விண்ணப்பித்தார்கள் என்று அறிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை.

சரிசெய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. புரியாத சிஎஸ்எஸ் வரியைப் பிரவுசர் தாண்டிப் போய்விடும். கலப்பு நிறத்துக்கு மேல் வரியில் சாதாரண நீலத்தைக் கொடுத்திருந்தால் பழைய குரோம் அதையே வைத்துக்கொண்டிருக்கும்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. வாசலில் தடுக்கப்பட்டவர்கள் வருகைக் கணக்கில் ஏறுவதில்லை. மூன்று மாதம் கழித்து அறிக்கையைப் பார்த்தால் பழைய பிரவுசர்காரர்கள் யாருமே இல்லை என்று காட்டும். "பார்த்தீர்களா, தடுத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

பக்கத்தை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். புரியாத ஒரு குறி வந்தால் அந்த ஃபைல் முழுவதுமே ஓடாது. அதனால் பழைய வடிவத்துக்கு மாற்றிக் கொடுங்கள். விண்ணப்பத்தை ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் சர்வருக்குப் போகும் வெறும் ஃபார்மாக எழுதுங்கள். வீடியோ அழைப்பு மாதிரி உண்மையாகவே ஒரு வசதி தேவைப்பட்டால், அந்த வசதி இருக்கிறதா என்று அந்தப் பொத்தானை அழுத்தும் இடத்தில் சோதியுங்கள். இல்லையென்றால் அங்கே மட்டும் சொல்லுங்கள்.

"அப்டேட் செய்யுங்கள்" என்பதோடு நிறுத்துவது

ஐபோன் 6-இன் இயங்குதளம் ஐஓஎஸ் 12-உடன் நின்றுவிட்டது. அதில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது, பக்கத்தைக் காட்டும் ஆப்பிளின் அதே பழைய வெப்கிட் இன்ஜின்தான். அப்டேட் என்றால் அவர்களுக்குப் புது போன் வாங்குவது. தொலைபேசி எண், அலுவலக முகவரி, கடைசித் தேதி மூன்றையும் அந்தப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பாதுகாப்புக்காகத் தடுக்கிறோம் என்பது

யூசர் ஏஜென்ட்டை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். பாதுகாப்புக்கான சோதனைகளை சர்வர் பக்கம் வையுங்கள்.

மூட முடியாத எச்சரிக்கை

மூடும் பொத்தான் வையுங்கள்.

புது போனில் மட்டும் சோதிப்பது

அப்புறம் ஒரு பழைய விண்டோஸ் 7 கணினியை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்தேன். எந்தப் படிவம் முடிந்தாலும் அதில் உட்கார்ந்து, போட்டோ சேர்த்து, கடைசிவரை நிரப்பி அனுப்பிப் பார்க்கிறேன். தம்பியை நேற்று அதன் முன்னால் உட்கார வைத்தேன். தடையை எடுத்துவிட்டு நிரப்பினான். பட்டியலின் ஓரம் கொஞ்சம் கோணலாக நின்றது. விண்ணப்ப எண் வந்துவிட்டது.