டிசைன் வேலைக்கு கம்ப்யூட்டர் வாங்கும்போது செய்யும் தவறுகள்

ஃபிளெக்ஸ் கடையானாலும் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் இடமானாலும், புது கம்ப்யூட்டர் என்றதும் "ஐ7 போட்டுடலாம், கிராபிக்ஸ் கார்டு பெருசா போட்டுடலாம்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இன்டெல் பிராசஸர் வரிசையில் ஐ3 கீழ்ப்படி, ஐ7 மேல்படி. ஐ3 என்று ஒருவர் வாய் திறந்தால் அவரை டிசைனராகவே மதிக்க மாட்டார்கள். இந்தப் பந்தாவால் நஷ்டப்படுவது பெரும்பாலும் கடன் வாங்கிக் கடை போட்டிருக்கும் சின்ன ஆட்கள். அதனால்தான் இதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் தவறு, பழைய கம்ப்யூட்டர் எங்கே திணறுகிறது என்று பார்க்காமலே புதியதை வாங்குவது. உங்களிடம் இருப்பதிலேயே மிக மெதுவாக நகரும் ஃபைலைத் திறந்துகொள்ளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை ஓரமாக வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-ஐத் தொட்டால் ரேம் (மெமரி என்று காட்டுவது இதைத்தான்) பற்றவில்லை. மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது.

இன்னொரு நிலையைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். மெமரியும் டிஸ்க்கும் அமைதியாக இருக்கும், சி.பி.யூ. 13 சதவீதம்தான் காட்டும், ஆனால் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருள் உறைந்து நிற்கும். பிராசஸர் சும்மா இருப்பதாக நினைத்துவிடுவோம். கோர் என்பது பிராசஸருக்குள் கணக்குப் போடும் ஒரு தனிப் பகுதி, த்ரெட் என்பது அதில் ஓடும் ஒரு வேலை வரிசை. 4 கோர், 8 த்ரெட் கொண்ட பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம்தான் வரும். கோரலிலும் போட்டோஷாப்பிலும் பல வேலைகள் இப்படி ஒற்றை த்ரெட்டில்தான் ஓடுகின்றன. அங்கே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் முக்கியம்.

இதனால்தான் பெயரை நம்பி வாங்குவது ஏமாற்றத்தில் முடிகிறது. 2013-இல் வந்த ஐ7-4770-உம் 2022-இல் வந்த ஐ3-12100-உம் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒரு கோர் செய்யும் வேலையில் அந்த ஐ3, பழைய ஐ7-ஐத் தெளிவாக முந்திவிடும். லேப்டாப்பில் இன்னும் கவனம் வேண்டும்: ஐ7-1255யூ 15 வாட் அடிப்படையில் ஓடுவது, வேகமான கோர் 2, ஐ5-12500எச் 45 வாட், வேகமான கோர் 4. கடைசி எழுத்தைப் படிக்காமல் ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கினால், அதிகக் காசு கொடுத்துக் குறைந்த வேகத்தை வாங்கிவிட வாய்ப்புண்டு. டெஸ்க்டாப் பிராசஸரில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் எதுவும் வராது.

செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், சர்வருக்கான ஜியான் பிராசஸர் இரண்டு போட்ட மெஷின்களுக்கும் இதே பதில்தான். கோர்கள் நிறைய, ஒவ்வொன்றும் மெதுவானது. பழைய குவாட்ரோ கிராபிக்ஸ் கார்டும் அப்படியே. சாலிட்வொர்க்ஸ் போன்ற பொறியியல் மென்பொருள்களுக்குச் சான்றளித்த டிரைவர்தான் குவாட்ரோவின் பலம். பத்திரிகை டிசைனுக்கு அது எதற்கு? 2013-இல் 2 ஜி.பி. மெமரியோடு வந்த குவாட்ரோ கே2000-ஐ அந்தப் பெயருக்காக இன்று வாங்க வேண்டாம். கோரலும் போட்டோஷாப்பும் மட்டும் என்றால் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே பெரும்பாலான கடைகளுக்குப் போதும். பிளெண்டரில் 3டி ரெண்டர், வீடியோ எடிட்டிங் என்று போகிறவர்களுக்குத்தான் நல்ல கார்டு காசுக்கேற்ற பலன் தரும்.

பெரும்பாலான சமயம் மெஷின் மேல் தப்பே இருக்காது, ஃபைலில்தான் இருக்கும். 10க்கு 6 அடி ஃபிளெக்ஸை 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், போடுகிறார்கள். 36,000க்கு 21,600 பிக்சல், அதாவது 77 கோடிக்கும் மேல். அச்சுக்கான நான்கு நிற முறையான சி.எம்.ஒய்.கே.யில் பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரே லேயர் (படத்தின் ஒரு அடுக்கு) 3.1 ஜி.பி. எட்டு லேயர் வைத்தால் எந்த ஐ9-உம் மூச்சுத் திணறும். அதோடு போட்டோஷாப்பின் வழக்கமான பி.எஸ்.டி. ஃபைலின் எல்லை ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் என்பதால் அதைச் சாதாரண பி.எஸ்.டி.யாகச் சேமிக்கவும் முடியாது, பெரிய ஃபைலுக்கான பி.எஸ்.பி.யாகத்தான் சேமிக்க வேண்டும். தெருவில் பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 72 முதல் 100 டி.பி.ஐ. போதும். 72-இல் அதே லேயர் 180 எம்.பி.தான். கையில் வைத்துப் படிக்கும் பத்திரிகைக்கும் நோட்டீஸுக்கும்தான் 300 தேவை.

கோரலில் இதே கதை வேறு விதமாக நடக்கும். வாழ்த்து பேனரில் இருபது பேர் முகம் வரும். ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து நேராக வந்த 24 மெகாபிக்சல் படம். டிஸ்க்கில் 8 எம்.பி. என்று காட்டும் ஜேபெக், திறந்ததும் 72 எம்.பி. ஆகிவிடும். இருபதும் சேர்ந்தால் 1.4 ஜி.பி.யைத் தாண்டும். பவர்கிளிப் என்ற சட்டத்துக்குள் வைத்து ஓரத்தை மறைத்தாலும் முழுப் படமும் உள்ளேதான் இருக்கும். ஒரு அடி அகலத்தில் அச்சாகும் முகத்துக்கு 1,200 பிக்சல் தாராளம். பவர்கிளிப்பில் போடுவதற்கு முன்பே பிட்மேப்ஸ் மெனுவில் ரீசாம்பிள் செய்து பிக்சலைக் குறைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மெமரி நிரம்பினால் ரேம் வாங்குங்கள். 16 ஜி.பி.யை ஒரே துண்டாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாகப் போடுங்கள். இரண்டு சேனலில், அதாவது இரண்டு வழியில், ஓடும்போது பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கண்கூடாக வேகமெடுக்கும், ஏனென்றால் அது பயன்படுத்துவதும் அதே ரேமைத்தான். லேப்டாப் என்றால் ரேம் போர்டோடு சால்டர் செய்ததா, ஸ்லாட் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். போட்டோஷாப்பின் அடிப்பட்டையில் இருக்கும் சிறு அம்புக்குறியை அழுத்தி எஃபிஷியன்சி என்பதை வைத்துக்கொண்டால், அது 100-க்குக் கீழே இறங்கும்போது ரேம் தீர்ந்து டிஸ்க்கில் எழுதுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சுழலும் தட்டு இல்லாத, சாதாரண சாட்டா வகை எஸ்.எஸ்.டி.க்கு மாறினாலே மெஷின் புதிது போல ஆகிவிடும். அதற்கு மேல் விநாடிக்கு 3,500-ஆ 7,000 எம்.பி. வேகமா என்பதெல்லாம் இந்த வேலையில் பெரிதாகத் தெரியாது. கொள்ளளவு அதிகமாக இருப்பதை வாங்குங்கள்.

இப்படி மிச்சமாகும் காசு மானிட்டருக்குப் போகட்டும். பலரும் காசைக் கடைசியாகக் கிள்ளும் இடம் இதுதான். விவரத்தாளில் நிற அளவு 45% என்.டி.எஸ்.சி. என்று இருந்தால் பல நிறங்கள் வெளுத்துத்தான் தெரியும்; 100% எஸ்.ஆர்.ஜி.பி. என்று போட்ட ஐ.பி.எஸ். பேனல் வாங்குங்கள். வெளிச்சத்தை முழுதாக வைத்து வேலை செய்வதும் தவறு. "ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருந்துச்சு, பிரின்ட்ல இருட்டடிக்குது" என்ற புகாருக்கு அது முக்கியமான காரணம். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் ஏறத்தாழ அதே அளவு தெரியும்வரை குறையுங்கள்.

மேக் நல்ல மெஷின்தான். ஆனால் தமிழ் டி.டி.பி. (கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும்) கடைகளில் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளின் ஃபைல்கள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. 2001-இல் வந்த பதிப்பு 7-தான் அதன் கடைசி. இன்றைய மேக்கில் அது ஓடாது. பழைய தமிழ் எழுத்துருக்களுக்கான தட்டச்சு மென்பொருள்கள் பலவும் விண்டோஸுக்கானவை.

கடைக்குப் போகும்போது உங்கள் கனமான இரண்டு ஃபைல்களை பென் டிரைவில் கொண்டுபோங்கள். மென்பொருள் போட்ட மெஷின் கேட்டு, டிஸ்க்குக்குக் காப்பி செய்து திறந்து, திருப்பி, சேமித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். விலை அதிகமான மெஷினிலும் அதையே செய்துவிட்டு, பிறகு ஆர்டர் கொடுங்கள்.