‘தேய்வு’ என்ற சொல்லை எங்கே எழுதலாம்?

குறைந்துபோவதைச் சொல்லத் தமிழில் வீழ்ச்சி, சரிவு, நலிவு, தேய்வு எனப் பல சொற்கள் இருந்தும், எழுதுவோர் பலர் எல்லா இடத்திலும் ‘வீழ்ச்சி’யையே போட்டுவிடுகிறார்கள். ஒரே நாளில் பங்குவிலை இறங்கினால் அது சரிவு. ஆட்சி கவிழ்ந்தால் வீழ்ச்சி. ஆதரவின்றித் தளர்ந்த கைத்தொழிலுக்கு நேர்ந்தது நலிவு. ‘தேய்வு’ என எழுதுமுன், அந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியாத அளவில் நாள்தோறும் நிகழ்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

செருப்பின் அடியும் அம்மியும் உராய்ந்து தேய்கின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. உராய்வே இல்லாத நிலவுக்கும் இச்சொல் பொருந்தியது, அது இரவுக்கு இரவு சிறிது சிறிதாகக் குறைவதால்தான். பேதையார் நட்பை முழுமதி தேய்வதோடு ஒப்பிடும் 782ஆம் குறளில் ‘தேய்’ என்ற சொல் வராவிட்டாலும், கருத்து இதுவே. நற்றிணை 284ஆம் பாடலிலோ, இருபுறமும் யானைகள் பற்றி இழுக்கும் ‘தேய்புரிப் பழங்கயிறு’ தலைவனின் வருந்திய உடம்புக்கு உவமையாகிறது. பாடியவரின் பெயரும் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே நிலைத்துவிட்டது. புரி புரியாக இற்றுவரும் கயிற்றைக் காட்ட இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

வினையாக எழுதும்போது, தானே குறைவதைத் ‘தேய்ந்தது’ என்றும், பிறிதொன்று குறைப்பதைத் ‘தேய்த்தது’ என்றும் எழுத வேண்டும். அழுத கண்ணீரைச் ‘செல்வத்தைத் தேய்க்கும் படை’ என 555ஆம் குறள் சொல்வது பின்னதற்கு எடுத்துக்காட்டு. எண்ணெய் தேய்ப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் இதே வினையே என்றாலும், அங்கே குறைதல் என்ற பொருள் மறைந்து உராய்தல் மட்டும் நிற்கிறது.

‘தேய்பிறை’ வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது, ‘தேய்ப்பிறை’ பிழை. கணக்குப்பதிவில் வழங்குவது ‘தேய்மானம்’: 1,00,000 ரூபாய் இயந்திரம் 10 ஆண்டு உழைத்துப் பின் மதிப்பற்றுப் போகும் எனக் கொண்டு சமமாகப் பிரித்தால், ஆண்டுத் தேய்மானம் 10,000 ரூபாய். மூட்டுக்கும் மக்கள் இச்சொல்லையே சொல்கிறார்கள். ‘கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை’ என்பதில் ஏளனம் கலந்திருப்பதால், அறிவித்த திட்டம் சுருங்கியதற்கு அதை எழுதலாம். நோயில் மெலிந்தவரைப் பற்றி எழுதக் கூடாது.