ஆல்கஹால் எரிந்தால் எவ்வளவு சூடு? ஸ்பிரிட் விளக்கு வைத்து அளந்து பார்க்கலாம்

எத்தனால் ஒரு மோல் (46 கிராம்) முழுதாக எரிந்தால் 1,367 கிலோஜூல் வெப்பம் வரும் என்று அட்டவணை சொல்கிறது. பள்ளி ஆய்வகத்தில் அளந்தால் 700 சொச்சம் வரும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்தால் அதுவும் வராது. முதல் தடவை செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பயந்துபோய், ரெக்கார்டு நோட்டில் எண்ணைக் கொஞ்சம் "சரிசெய்து" எழுதிவிடுகிறார்கள். அது வேண்டாம். மீதிப் பாதி எங்கே போனது என்று உங்களால் சொல்ல முடிந்தால் அந்த 700 நல்ல விடைதான். அதை வைத்தே மற்ற ஆல்கஹால்களை ஒழுங்காக ஒப்பிடவும் முடியும்.

வேலை சுலபம். அளந்து ஊற்றிய தண்ணீரை ஆல்கஹால் விளக்கால் சூடாக்குகிறோம். வெப்பநிலை ஏறியதிலிருந்து தண்ணீருக்குள் போன வெப்பம் தெரியும். விளக்கின் எடை குறைந்ததிலிருந்து எவ்வளவு எரிந்தது என்று தெரியும். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டியதுதான்.

முதலில் பாதுகாப்பு

ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். விளக்கு எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ ஆல்கஹால் ஊற்றக் கூடாது. ஸ்டாக் பாட்டிலை மூடி, வேறு மேசைக்குக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் தீக்குச்சியைத் தொட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கையெட்டும் தூரத்தில் ஈரத் துணி, நீள முடியும் துப்பட்டாவும் கட்டியிருக்க வேண்டும்.

மெத்தனால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. விளக்கு அணைந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டுவார்கள். அது கடும் விஷமும்கூட, பார்வையைப் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்தது மெத்தனால்தான். புதிதாகச் செய்கிறவர்கள் அதை விட்டுவிட்டு எத்தனால், புரோப்பன்-1-ஆல், பியூட்டன்-1-ஆல் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மெத்தனாலுக்கு அட்டவணை மதிப்பே போதும்.

தேவையான பொருள்கள்

ஒவ்வொரு ஆல்கஹாலுக்கும் மூடியுள்ள ஒரு ஸ்பிரிட் விளக்கு. ஒரே விளக்கைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினால் திரியில் ஊறிய பழைய ஆல்கஹால் புதியதோடு கலந்துவிடும். பாட்டில் தூய ஆல்கஹாலாக இருக்க வேண்டும். சானிடைசர், சர்ஜிக்கல் ஸ்பிரிட் எதுவும் ஆகாது. அவற்றில் தண்ணீரும் வேறு சரக்கும் கலந்திருப்பதால், குறைந்த எடையில் ஆல்கஹால் எவ்வளவு என்று சொல்லவே முடியாது.

பாத்திரத்துக்கு, இயற்பியல் ஆய்வகத்தில் தன்வெப்பம் காண வைத்திருக்கும் செம்புக் கலோரிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். மரப்பெட்டி வேண்டாம், உள்ளே இருக்கும் செம்புக் கிண்ணமும் கலக்கியும் மட்டும் போதும். கண்ணாடி பீக்கரைவிட இது எவ்வளவோ மேல், சூட்டைச் சட்டென்று தண்ணீருக்குக் கடத்திவிடும்.

தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். சமையலறைத் தராசு உதவாது. நாம் எரிக்கப்போவதே ஒரு கிராமுக்குக் குறைவு. இவை தவிர வெப்பமானி, வளையம் மாட்டிய தாங்கி, 100 மில்லி அளவு உருளை, காற்றை மறைக்கத் தகரமோ தடித்த அலுமினியத் தாளோ.

செய்முறை

1. காலிக் கலோரிமீட்டரைக் கலக்கியோடு எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அளவு உருளையால் 100 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். 100 கிராம் என்றே எடுத்துக்கொள்ளலாம், அந்தச் சிறு வித்தியாசம் இங்கே ஒரு பொருட்டல்ல.

3. கலோரிமீட்டரைத் தாங்கியின் வளையத்தில் நேரடியாக உட்கார வையுங்கள். பழக்கதோஷத்தில் முக்காலியையும் கம்பி வலையையும் எடுத்து வந்துவிடுவார்கள். கம்பி வலை சிவக்கச் சிவக்கக் காயும். அந்தச் சூடெல்லாம் உங்கள் கணக்கில் வராது. மேலே துளையிட்ட அட்டையை மூடி, அதன் வழியே வெப்பமானியையும் கலக்கியையும் விடுங்கள். வெப்பமானியின் குமிழ் அடியைத் தொடக் கூடாது.

4. விளக்கைத் திரி வரை நனைந்த பிறகு மூடியோடு எடை போடுங்கள். மூடியோடு என்பது முக்கியம். நம் ஊர் வெயிலுக்கு, திறந்த திரியிலிருந்து ஆல்கஹால் தராசின் மேலேயே ஆவியாகும். கடைசி இலக்கம் குறைந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

5. மின்விசிறியை நிறுத்துங்கள். கதவும் ஜன்னலும் திறந்திருக்கலாம், ஆனால் காற்று நேராக மேசை மேல் வீசக் கூடாது. தகரத்தை விளக்கைச் சுற்றி வளைத்து வையுங்கள், அடியில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு. முழுக்க அடைத்துவிட்டால் ஆக்சிஜன் போதாமல் சுடர் மஞ்சளாகிப் புகையும்.

6. தண்ணீரைக் கலக்கித் தொடக்க வெப்பநிலையைக் குறியுங்கள். மூடியை எடுத்து, விளக்கை ஏற்றி, உடனே கலோரிமீட்டருக்கு அடியில் தள்ளுங்கள். சுடரின் நுனி அடிப்பாகத்தை ஒட்டியிருக்கட்டும். திரி நீளம் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஏற்றிய சில நொடிகளில் செம்பின் அடியில் மெல்லிய ஈரப்படலம் பூத்து, பிறகு தானே மறையும். ஆல்கஹால் எரியும்போது உண்டாகிற தண்ணீர்தான் அது, குளிர்ந்த உலோகத்தில் படிகிறது. பாத்திரம் ஒழுகுகிறது என்று எண்ணி விளக்கை அணைத்துவிடாதீர்கள். இதே ஈரம் கணக்கில் பின்னால் மறுபடி வரும்.

7. விடாமல் கலக்குங்கள். 30 டிகிரி ஏறியதும் விளக்கை மூடியால் அணையுங்கள், ஊதக் கூடாது. அணைத்த பிறகும் வெப்பநிலை சற்று ஏறும். கலக்கிக்கொண்டே இருந்து, எட்டும் உச்சத்தைத்தான் இறுதி வெப்பநிலையாக எழுத வேண்டும்.

8. விளக்கை உடனே, அதே மூடியோடு, எடை போடுங்கள்.

9. தண்ணீரைக் கொட்டி, அடியில் படிந்த கரியைத் துடைத்து, முதலிலிருந்து இன்னொரு முறை. ஒரு ஆல்கஹாலுக்கு மூன்று முறையாவது வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர், அதே உயரம், அதே 30 டிகிரி. "ஐந்து நிமிடம் எரிக்கலாம்" என்று நேரத்தைச் சமமாக வைப்பதைவிட ஏற்றத்தைச் சமமாக வைப்பதே நல்லது. தண்ணீர் ஒரே அளவு சூடானால் அதிலிருந்து வெளியே கசியும் வெப்பமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்.

ஒரு பக்கக் குறிப்பு. தண்ணீரை அறை வெப்பநிலைக்குக் கீழே 15 டிகிரியில் தொடங்கி, மேலே 15 டிகிரியில் முடித்தால் இழப்பும் வரவும் ஈடாகும் என்று, வெப்பத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ரம்ஃபோர்டு காலத்திலிருந்தே ஒரு உத்தி உண்டு. ஊட்டியில் இருப்பவர்கள் செய்து பார்க்கலாம். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் குளிர்ந்த செம்பின் மேல் காற்றிலுள்ள ஈரமே முத்து முத்தாகக் கோத்துவிடும். அதை உலர்த்தவே விளக்கு பாடுபட வேண்டியிருக்கும். நமக்குக் குழாய்த் தண்ணீரே சரி.

கணக்கு

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். செம்புக்கு 0.385 ஜூல். கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம்: தண்ணீர் 100 கிராம், செம்பு 80 கிராம், ஏற்றம் 30 டிகிரி, எரிந்த எத்தனால் 0.86 கிராம்.

தண்ணீருக்குப் போனது: 100 × 4.18 × 30 = 12,540 ஜூல்
செம்புக்குப் போனது: 80 × 0.385 × 30 = 924 ஜூல்
மொத்தம்: 13,464 ஜூல், அதாவது 13.46 கிலோஜூல்

எத்தனாலின் மூலக்கூறு நிறை 46. ஆக 0.86 ÷ 46 = 0.0187 மோல் எரிந்திருக்கிறது. 13.46 ÷ 0.0187 = 720 கிலோஜூல், ஒரு மோலுக்கு. பல கையேடுகள் செம்பின் பங்கை விட்டுவிடும். இங்கே அது ஏழு சதவீதம், விடக் கூடாது.

மீதி எங்கே போனது?

பெரும்பகுதி பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிக் காற்றோடு போய்விட்டது. விளக்கின் கழுத்தும் தாங்கியும் சூடானது கொஞ்சம். அடியில் படிந்த கரி, முழுதாக எரியாமல் போன கார்பன். திரியிலிருந்து எரியாமலே ஆவியான ஆல்கஹாலையும் நாம் எரிந்ததாகக் கணக்கு வைத்திருக்கிறோம்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. 1,367 என்ற எண், எரிந்து உண்டாகும் தண்ணீர் திரவமாகவே கிடைக்கிறது என்று வைத்துச் சொன்னது. நம் விளக்கிலோ, முதல் சில நொடி ஈரத்தைத் தவிர, எல்லாம் நீராவியாகவே பறந்துவிடுகிறது. ஒரு மோல் எத்தனால் மூன்று மோல் தண்ணீர் தரும். ஒவ்வொரு மோலும் சுமார் 44 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும். 132 போனால் மிச்சம் 1,235. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இந்த அமைப்பில் அதற்கு மேல் எட்ட வழியில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ உருவாக்கிய பாம்ப் கலோரிமீட்டரில் எரிபொருளை எஃகுக் கலனுக்குள், அழுத்தம் ஏற்றிய ஆக்சிஜனில் எரித்து, கலனையே தண்ணீரில் முக்கிவிடுவார்கள். நீராவிக்குத் தப்ப வழி கிடையாது. அட்டவணை எண்கள் அந்த வகைக் கருவிகளிலிருந்து வருபவை.

எத்தனாலையே அளவுகோலாக்குங்கள்

எத்தனாலுக்கு 720 வந்தது, உண்மை 1,367. வகுத்தால் 1.90. இது உங்கள் அமைப்பின் திருத்தக் காரணி. இனி எதையும் மாற்றாமல் புரோப்பன்-1-ஆலை எரியுங்கள். அதே 30 டிகிரிக்கு 0.75 கிராம் செலவானது என்று வைத்துக்கொண்டால் (இதன் மூலக்கூறு நிறை 60), 13.46 ÷ 0.75 × 60 = 1,077. அதை 1.90ஆல் பெருக்கினால் 2,046. அட்டவணை மதிப்பு 2,021. இரண்டு சதவீதம்கூட வித்தியாசமில்லை!

பியூட்டன்-1-ஆலுக்கு இவ்வளவு அழகாக வராது. அதன் சுடர் மஞ்சளாகப் புகைந்து கரி அதிகம் கக்கும் என்பதால் விடை குறைந்தே வரும். திரியை இன்னும் இறக்கினால் ஓரளவு சரியாகும்.

எண்களை வரைபடத்தில் போட்டால்

ஒரு மோலுக்கு மெத்தனால் 726, எத்தனால் 1,367, புரோப்பன்-1-ஆல் 2,021, பியூட்டன்-1-ஆல் 2,676 கிலோஜூல். கார்பன் எண்ணிக்கைக்கு எதிரே குறித்தால் கிட்டத்தட்ட நேர்கோடு, படிக்கு 650 வாக்கில். ஒவ்வொரு படியிலும் கூடுவது ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும். அவை எரிந்து தருவதும் அதே அளவு. உங்கள் திருத்தாத எண்களைப் போட்டாலும் கோடு வரும், சரிவு மட்டும் பாதியாக இருக்கும்.

ஒரு கிராமுக்குப் பார்த்தால் கதை வேறு: 22.7, 29.7, 33.7, 36.2. போகப் போக ஏற்றம் சுருங்குகிறது. காரணம் மூலக்கூறில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன். அது எடையைக் கூட்டும், எரிந்து எதுவும் தராது. மெத்தனாலின் எடையில் சரிபாதி ஆக்சிஜன். பியூட்டனாலில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பெட்ரோலில் அது அறவே இல்லாததால்தான் ஒரு லிட்டர் எத்தனால் ஒரு லிட்டர் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கையே தருகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் போட்ட வண்டி மைலேஜ் குறைகிறது என்று பங்க்கில் பேசிக்கொள்வதற்கு வேதியியல் அடிப்படை இதுதான்.

புரோப்பன்-1-ஆலையும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அட்டவணையில் முன்னது 2,021, பின்னது 2,006. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. உங்கள் தராசில் இரண்டு எடைகளும் 0.01 கிராம் பிசகினாலே இரண்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். செய்து பாருங்கள், ஆனால் நூறு கிலோஜூல் வித்தியாசம் வந்தால் திரியின் நீளத்தைப் போய்ப் பாருங்கள்.