ஓட்டுக் கூரைக்கு பேட்டரி நெயில் கன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டத்துச் சாளைகளுக்கு, அதாவது தோட்டத்து வீடுகளுக்கு, கூரை மாற்றும் வேலைதான் எங்களுக்கு அதிகம். இப்போது போகிற இடத்திலெல்லாம், "ஏனுங்க ஆசாரி, அந்த பேட்டரி கன் வாங்கலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். சுத்தியலுக்குப் பதிலாக, விசையை இழுத்தால் பேட்டரி பலத்தில் ஆணி அடிக்கும் கருவி அது. வாங்கலாம். ஆனால் வீடியோவில் பார்ப்பதை வைத்து வாங்கினால் பணம் வீணாகும். அமெரிக்காவில் இந்தக் கருவியால் வீட்டுக்கு மரச் சட்டம் அடிக்கும்போது அவர்கள் கையில் இருப்பது பைன், ஸ்ப்ரூஸ் போன்ற மென்மையான மரம். நம்முடையது வேம்பு, பனை, தேக்கு. முக்கால்வாசித் தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. 'நெயில் கன்' என்று மட்டும் கேட்டால் 18 கேஜ் கன்னைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதன் ஆணி 1.2 மி.மீ. தடிமன்தான் இருக்கும், பீடிங் (ஓரத்தில் வைக்கும் மெல்லிய மரப்பட்டி) அடிக்கலாம், கைமரத்துக்கு (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) ஆகாது. ஃபால்ஸ் சீலிங் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கேஸ் கன்னும் வேறு சாதி. அது கான்கிரீட்டில் குட்டை ஆணி இறக்குவதற்கு. நமக்கு வேண்டியது ஃப்ரேமிங் கன், ஏறக்குறைய 3 மி.மீ. தடிமனில் 50 முதல் 90 மி.மீ. நீள ஆணி அடிப்பது. ஆணிகளை வரிசையாகக் கோத்திருக்கும் பட்டையின் சாய்வையும் பாருங்கள். 21 டிகிரிப் பட்டை 30 டிகிரி கன்னுக்குள் போகாது. அந்தப் பட்டை கோயமுத்தூரில் தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு அப்புறம் கன்னுக்குப் பணம் கொடுங்கள்.

18 வோல்ட், 20 வோல்ட் என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே ஐந்து செல் பேட்டரிதான். ஏற்கெனவே இருக்கும் ட்ரில்லின் பேட்டரி பொருந்தினால் அந்தக் கம்பெனியையே எடுங்கள். கடையில் பேட்டரி போட்டுத் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். நாலு கிலோவுக்கு மேல் இருக்கும், சாயங்காலம் வரை அதைக் கை தாங்க வேண்டும்.

மரத்துக்கு வருவோம். வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தில் அடித்தால் ஆணி பாதி இறங்கி நிற்கும், இல்லை வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். ஆழத்தைக் கூட்டித் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். பனைக்கு நான் கன்னைத் தொடுவதே இல்லை; ட்ரில் போட்டு ஸ்க்ரூதான். தென்னை அதற்கு நேர்மாறாக ஏமாற்றும். வெளிப்பக்கம் கெட்டி, உள்ளே சோறு. உள்பக்கம் அறுத்த சட்டத்தில் ஆணி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், அதே போலக் கழன்றும் வரும்.

பழைய கைமரத்தைத் திரும்பப் பயன்படுத்தும்போது மிகவும் கவனம் வேண்டும். ஒரு சாளையில் பழைய வேப்பங்கைமரத்தில் ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குப் பட்டி) அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தலை ஒடிந்த துரு ஆணி ஒன்று இருந்தது தெரியவில்லை. புது ஆணி அதில் பட்டுத் திரும்பி, ரீப்பரைப் பிடித்திருந்த தம்பியின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெளியே வந்து நின்றது. தோல் மட்டும் சிராய்த்தது. அன்றிலிருந்து பழைய மரத்தைக் காந்தத்தால் தடவிப் பார்க்காமல் அடிப்பதில்லை, பிடிக்கிற கையும் ஒரு அடி தள்ளித்தான் இருக்கும்.

ஆணி நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு அங்குல ரீப்பருக்கு இரண்டரை அங்குல ஆணி போட்டால்தான் கைமரத்துக்குள் ஒன்றரை அங்குலம் இறங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும். வழவழப்பான ஆணியை விட உடம்பில் வரி போட்ட ஆணி அந்த இழுப்புக்கு நன்றாகத் தாங்கும். ஆணித் தலை மரத்தோடு சமமாக நிற்க வேண்டும். ரீப்பருக்குள் புதைந்தால் பிடிப்பு குறைந்துவிடும். ஆழத்தைத் துண்டு மரத்தில் அடித்துச் சரிசெய்த பிறகே மேலே ஏறுங்கள்.

விசை விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. விசையை அழுத்திப் பிடித்தபடி மூக்கால், அதாவது ஆணி வெளிவரும் முனையால், தட்டித் தட்டி அடிக்கும் முறை வேகமானது. ஆனால் கன் உதைத்துத் திரும்பவும் மரத்தில் பட்டால், நீங்கள் நினைக்காத இரண்டாவது ஆணியும் பாயும். அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷா, நியோஷ் இரண்டும் 2011-இல் வெளியிட்ட கையேடு, இந்த முறையில் காயம் படும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்கிறது. ஒவ்வொரு ஆணிக்கும் முதலில் மூக்கை அழுத்தி, பிறகு விசையை இழுக்கும் முறையிலேயே வையுங்கள். ஏணி மேலும் கூரை மேலும் வேறு முறையே வேண்டாம். மரத்தில் அழுத்தினால்தான் ஆணியை விடும் மூக்கின் பாதுகாப்புப் பகுதியைக் கம்பி கட்டி மடக்கி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கன்னோடு ஒரே கூரையில் நான் ஏற மாட்டேன்.

கண்ணாடி போடாமல் அடிக்க வேண்டாம். ஆணி சிக்கினால் பேட்டரியைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். கன்னைக் கீழிருந்து மேலே கொடுத்து வாங்கும்போதும் அப்படித்தான், பேட்டரி தனியாக, கன் தனியாக.