தடைக்கால மளிகைப் பை: யாருக்கு, எப்போது, என்னென்ன

கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாளில் வேலை இல்லாத வீடுகளுக்கு மளிகைப் பை கொடுத்து உதவக் கிளம்புமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடை விசைப்படகுக்குத்தான், கடல் விட்டால் வள்ளமும் கட்டுமரமும் போகும். பதிவுள்ள மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணமும் உண்டு. ஐஸ் உடைப்பவர், மீன்பெட்டி சுமப்பவர், துறைமுக வாசலில் டீ விற்பவர் போன்றோர் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பட்டியலை அவர்களிலிருந்து தொடங்குங்கள். அன்பியப் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்க வீடுகள் சேர்ந்த சிறு குழு) பொறுப்பாளர் ஒருவர், மகளிர் குழுவில் ஒருவர் என இரண்டு பேரிடம் தனித்தனியாக விசாரியுங்கள். ஒருவரை மட்டும் நம்பினால் அவருடைய சொந்தக்காரர் பெயர்தான் முதலில் வரும்.

எல்லாரும் அரிசி மூட்டையோடு போகிறார்கள். ரேஷனில் அரிசி இலவசம்; முட்டுவது கறிக்கும் கைச்செலவுக்கும்தான். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு: சிறுபயறு 2 கிலோ (கஞ்சிக்குத் தினமும் வேண்டும்), தேங்காய் எண்ணெய் 1 லிட்டர், புளி அரைக் கிலோ, மிளகாய்ப் பொடியும் மல்லிப் பொடியும் 250 கிராம் வீதம், மஞ்சள் பொடி 100 கிராம், கல் உப்பு 1 கிலோ, தேயிலை 250 கிராம், குளிக்கவும் துவைக்கவும் சோப்பு மும்மூன்று, நாப்கின் 2 பாக்கெட். அரிசி கொடுத்தே ஆகவேண்டுமென்றால் சிவப்பு மட்டை அரிசி 3 கிலோ போதும். கருவாடு வேண்டாம், கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும்.

சோப்பைத் தேயிலையோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அந்த வாசனை ஏறினால் டீ வாயில் வைக்க முடியாது. ஜூன், ஜூலை ஈரக்காற்றில் காகிதப் பொட்டலத்துப் பயறு பூசணம் பிடிக்கும். வெயிலில் காயவைத்த பயறை பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ஒட்டுங்கள். எண்ணெய் பாக்கெட் அடியில் கிடந்து நசுங்கினால் பை முழுக்கப் பாழ். தனிக் கவரில் இட்டு மேலே வையுங்கள்.

சாமான்களை அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். கடன் சொல்லிக் கொடுத்து, அந்தக் கடைக்காரரும் இழுபறியில்தான் இருப்பார். பலருடைய பற்று அவர் நோட்டில்தான் இருக்கும், அதைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள். கடனை அடைப்பதா, பிள்ளைக்கு நோட்டு வாங்குவதா என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்யட்டும். பைக்குள் ஒரு கவரில் 500 ரூபாய் வையுங்கள். பள்ளி திறக்கிற ஜூனில் அந்தப் பணம் சாமானைவிட உதவும்.

தடை தொடங்கிய முதல் வாரம் கையில் கொஞ்சம் காசு இருக்கும், மூன்றாம் வாரம்தான் இறுகும். குளச்சல் பக்கமென்றால் ஜூன் 20 வாக்கில் பாதி, ஜூலை 10 வாக்கில் மீதி எனப் பிரித்துக் கொடுப்பது நல்லது. மேடை, பேனர், போட்டோ எதுவும் கூடாது. வரிசையில் நின்று வாங்கவேண்டும் என்றால் மிகவும் தேவைப்பட்டவரே வராமல் போவார். பொழுது சாய்ந்தபின் வீட்டுக்கே போய், "அக்கா, இத வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். திண்ணையில் உட்கார்ந்து கஷ்டம் விசாரிக்க வேண்டாம்.

ஆகஸ்டில் படகு இறங்கினாலும், முன்பணம் வாங்கியவருக்கு முதல் கூலி அந்தக் கடன் கழிவிலேயே போய்விடும். அப்படிப்பட்ட நாலைந்து வீடுகளுக்காக ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்திருங்கள்.