மலைக்குளிரில் பார்பிக்யூ: கரியிலும் கேஸிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோழிக்கால் வெளியே கருகியிருக்கும், கடித்தால் எலும்போரம் ரத்தம் தெரியும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சனிக்கிழமை இரவுகளில் இது சர்வ சாதாரணம். உடனே மசாலாவைக் குறை சொல்வார்கள், ஊறவைத்த நேரம் போதவில்லை என்பார்கள். குறை பெரும்பாலும் நெருப்பில்தான் இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றுத்தான் தாண்டும். நமக்கு மூச்சு வாங்குவதுபோல நெருப்புக்கும் மெலிந்த காற்றுதான் கிடைக்கிறது. அதோடு பனிமூட்டத்தின் ஈரம், மாலையானதும் இறங்கும் குளிர். சமவெளியைவிட இங்கே கரி கங்காவதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்க மனம் வராமல் எடுக்கும் குறுக்குவழிகளில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு ஈரக் கரி. தமிழ்நாட்டில் மூட்டையில் விற்கும் அடுப்புக்கரியில் பெரும்பகுதி சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. நல்ல கரி அது, கெட்டியாக நின்று எரியும். ஆனால் கரி முழுக்க நுண்துளைகள். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் சாக்கோடு சிமெண்டுத் தரையில் கிடந்த கரி பற்றவே பற்றாது. பற்றினாலும் வெடித்துப் பொறி பறக்கும், கண் எரியப் புகையும். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்த கரி கணீரென்று ஒலிக்கும், ஈரக் கரி மொத்தென்று கேட்கும். வாங்கிய கரியை வெயில் அடிக்கும் நாளில் பரப்பிக் காயவைத்து, மூடியுள்ள தகர டின்னில் போட்டு வையுங்கள். உடைத்தால் உள்ளே பழுப்பாக இருக்கும் துண்டுகள் சரியாகக் கரியாகாத விறகு. அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடலாம்.

பற்றவைக்கும் விதம் அடுத்தது. கரி பிடிக்கவில்லை என்றதும் மண்ணெண்ணெய், பெட்ரோல், கை கழுவும் சானிட்டைசர் என்று கையில் கிடைப்பதை ஊற்றுகிறார்கள். மண்ணெண்ணெயின் வாடை கரிக்குள் இறங்கிக் கடைசிவரை கறியில் தெரியும். பெட்ரோல் ஆவி தீக்குச்சி பட்ட நொடியில் ஊற்றியவர் முகத்துக்கே திரும்பும். சானிட்டைசரில் இருக்கும் ஆல்கஹாலின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றும்போது கையிலிருக்கும் பாட்டில்வரை தீ ஏறிவரும். ஒரு கங்கு உயிரோடு இருந்தாலும் அதன்மேல் எந்தத் திரவத்தையும் ஊற்றக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. பிளாஸ்டிக் கவரைக் கொளுத்திக் கரிமேல் சொட்டவிடுவதும் அப்படித்தான். அந்தப் புகை நச்சு, அதன்மேல் சுடும் சாப்பாடு யாருக்கும் வேண்டாம்.

இவை எதுவுமே தேவையில்லை என்பதுதான் வருத்தம். இரண்டு பக்கமும் திறந்த, பெயிண்ட் இல்லாத ஒரு தகரக் குழாய் போதும். அடிப்பக்கம் சுற்றிலும் துளைகள், கரி நிற்க உள்ளே ஒரு கம்பி வலை. வலைக்குக் கீழே கசக்கிய செய்தித்தாளும் தேங்காய் நாரும், மேலே கரி. கீழே பற்றவைத்தால் சூடான காற்று மேலே ஏறும், கீழிருந்து புதுக்காற்றை அதுவே இழுத்துக்கொள்ளும். 'சிம்னி ஸ்டார்ட்டர்' என்று கடையில் விற்பதும் இதேதான். சமவெளியில் 15, 20 நிமிடத்தில் கரி தயாராகும். மலையில் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகரம் மட்டும் வேண்டாம், அதிகம் சூடானால் அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். காற்று போதாவிட்டால் ஊதுகுழலால் அடியிலிருந்து ஊதுங்கள். மேலிருந்து விசிறியால் வீசினால் சாம்பல் பறந்து சாப்பாட்டில்தான் உட்காரும்.

கரி போதவில்லை என்று சுற்றுவட்டாரத்து மரத்தைப் போடுவதும் உண்டு. கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸின் இலையிலும் பட்டையிலும் எண்ணெய் இருக்கிறது; குப்பென்று பற்றும், மருந்து வாடையை உணவில் ஏற்றும். பைன் மரத்தின் பிசின் கறுப்புப் புகையாகப் படியும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் பெட்டி இரண்டையும் தொடவே வேண்டாம்.

இனி பொறுமையின் சோதனை. தீ நாக்கு நீட்டி எரியும்போது பார்க்க அழகாக இருக்கும், படம் எடுக்கத் தோன்றும், அப்போதே இறைச்சியையும் வைத்துவிடுவார்கள். அது சமைக்கும் நெருப்பு அல்ல. சுடர் அடங்கி, கரியின்மேல் வெண்சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். வலைக்குச் சுமார் 10 செ.மீ. மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் தாங்க முடியாவிட்டால் நல்ல சூடு, ஐந்தாறு நொடி தாங்கினால் நிதானமான சூடு. கங்கு முழுவதையும் அடுப்பில் பரப்பாமல் ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். கோழித்தொடையைக் கங்குப் பக்கம் நிறம் வரும்வரை காட்டிவிட்டு வெறும் பக்கத்துக்கு மாற்றி மூடி போட்டால் உள்ளே வேகும், வெளியே கருகாது. மலைக்காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் இங்கே மூடி இல்லாத அடுப்பு பெரிய குறை. கெட்டியான பாகத்தின் நடுவே 74 டிகிரி செல்சியஸ் வந்தால் கோழி வெந்துவிட்டது. ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் நிறத்தை நம்ப வேண்டாம். மசாலாவில் எண்ணெய் வழிந்தால் தீ பொங்கும். தேன், சர்க்கரை சேர்ப்பதாக இருந்தால் கடைசிச் சில நிமிடங்களில் தடவுங்கள்.

இதுவரை சொன்ன தவறுகளால் ஒரு வேளைச் சாப்பாடு கெடும், கை சுடும். இனிச் சொல்வது உயிர் போகும் தவறு. சாப்பிட்டு முடித்ததும் அடுப்பில் நல்ல கங்கு மிச்சமிருக்கும். வெளியே குளிர் நடுக்கும். வீணாக்குவானேன் என்று அடுப்பை அறைக்குள் தூக்கி வைத்துக் கதவைச் சாத்திப் படுத்துவிடுகிறார்கள். புகை வராத கங்குதான் ஆபத்தானது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே போய்விடுகிறார்கள். கொடைக்கானலில் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். ஜன்னலை ஒரு விரல் இடைவெளி திறந்து வைத்தால் போதாது. கூடாரம், கார், தார்ப்பாய் சுற்றிய கொட்டகை எல்லாமே மூடிய இடம்தான். பழைய பங்களாக்களின் கணப்பிலும் கரியைக் கொட்டாதீர்கள், புகைபோக்கி அடைத்திருக்கிறதா என்று வாடகைக்கு வந்தவருக்குத் தெரியாது. யாருக்காவது இந்த அறிகுறிகள் தெரிந்தால் முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஹோம்ஸ்டே நடத்துபவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: விருந்தினர் படுக்கப் போகும் முன் அடுப்பை நீங்களே எடுத்துப் போய்விடுங்கள்.

கரியா, கேஸா? ருசிக்குக் கரி, வசதிக்கு கேஸ் என்பது பாதி உண்மை. சுட்ட கறியின் மணத்தில் பெரும்பங்கு, சொட்டும் கொழுப்பும் சாறும் சூட்டில் எரிந்து புகையாக மேலே ஏறுவதால் வருகிறது. நன்றாகப் பூத்த கரிக்கென்று தனி மணம் அதிகமில்லை. கேஸ் கிரில்லிலும் கொழுப்பு சொட்டும், அந்த மணம் வரும். கரியின் பலம் அதன் அனல். வறண்டு, நேராகப் பாயும் சூடு அது. கேஸ் எரியும்போது நீராவியும் சேர்ந்து வரும், அதனால் மேற்பரப்பு முறுகுவது சற்றுக் குறையும். ஆட்டிறைச்சிக்கும் சோளக்கதிருக்கும் நான் கரியையே சொல்வேன். காளான், பனீர், மீன் போன்றவற்றுக்கு கேஸ் தாராளமாகப் போதும். மாலையில் அரை மணி நேரத்துக்குமேல் ஒதுக்க முடியாதவர்களுக்கு எதற்குமே கேஸ்தான்.

கேஸுக்கும் மலையில் ஒரு சங்கடம் உண்டு. எல்.பி.ஜி. என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனால் ஆவியாகவே ஆகாது, புரொப்பேனுக்கோ மைனஸ் 42 வரை கவலையில்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில், பியூட்டேன் மட்டும் அடைத்த சின்ன கேம்பிங் கேன் தீர்ந்ததுபோல நின்றுவிடும். பெரிய சிலிண்டரும் நெடுநேரம் ஓடினால் தானே குளிர்ந்து தீ சுருங்கும். உடனே வெந்நீர் ஊற்றுவது, கங்கருகே நகர்த்துவது இரண்டும் கொலைபாதகம். முழுச் சிலிண்டரோடு தொடங்குங்கள், அதைத் தரையின் ஈரத்திலிருந்து ஒரு பலகைமேல் தூக்கி வையுங்கள். பற்றவைக்கும்போது கிரில் மூடி திறந்திருக்க வேண்டும். பற்றாவிட்டால் வால்வை மூடி ஐந்து நிமிடம் பொறுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, சரிவான தோட்டத்தில் பள்ளத்தில் போய்த் தேங்கும். ரெகுலேட்டர் இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பொருந்தாத ரெகுலேட்டரை டேப் சுற்றிப் பொருத்த வேண்டாம்.

காலமும் இடமும்கூட இதைத் தீர்மானிக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பனியில் காய்ந்த புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. காட்டோரத்தில் வீடு இருந்தால் அந்த மாதங்களில் கரி வேண்டாம். கேஸை ஒரு திருகில் அணைக்கலாம், கங்கோ சாம்பலுக்குள் மறுநாள்வரை உயிரோடு கிடக்கும். மற்ற மாதங்களிலும் கரியை அணைக்கத் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாம்பலைத் தேயிலைச் சரிவில் கொட்டாதீர்கள்.

இரவோடு இரவாக வலையையும் கொழுப்புத் தட்டையும் கழுவி, எலும்புகளை மூடியுள்ள டின்னில் போட்டு உள்ளே வையுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எண்ணெய் வாடைக்குக் கரடி வரும். ஒருமுறை தின்ன எதாவது கிடைத்த முற்றத்துக்கு அது மறுபடி வராமல் இருக்காது.